எரித்த மனு, எழுத வேண்டிய மனு

நமக்கு மனு இரண்டு. ஒன்று, 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் எரித்த மனு. இன்னொன்று, திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று நம் சனங்கள் கொடுக்கிற மனு. முதலாவதைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறையப் பேசியிருக்கின்றன, இனியும் பேசும். இரண்டாவதை யார் எழுதுகிறார்கள், எந்த மொழியில் எழுதுகிறார்கள், அதை எழுதக் கற்றுக்கொள்ள நம் பிள்ளைகள் எங்கே போவது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

அந்த மனு எப்படி ஆரம்பிக்கிறது பாருங்கள். 'சமூகம் உயர்திரு ஐயா அவர்களுக்கு, தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.' ஊரில் தாழ்த்தி வைத்தது போதாது என்று தாளிலும் தாழ்மை. பிறகு 'நான் மிகவும் ஏழை, எனக்கு வேறு நாதி இல்லை, கருணை கூர்ந்து.' கடைசியில் ஒரு கைநாட்டு. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இது கிடைக்க வேண்டும், எந்தத் தேதியில் எந்த அதிகாரி மறுத்தார், எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும், எதுவும் கிடையாது. உரிமையைப் போய்ப் பிச்சையாகக் கேட்கிற எழுத்து இது. கேட்கிறவருக்கு அந்த எண்ணம் இல்லை. அவர் வாய்விட்டுச் சொல்லும்போது நியாயத்தோடு, கோபத்தோடுதான் சொல்கிறார். மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறவரின் பேனா அதைக் கெஞ்சலாக மாற்றிவிடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். மனு, புகார், திட்ட அறிக்கை, ஒப்பந்தம், படிவம், அறிவிப்பு, கையேடு என்று காரியம் நடப்பதற்காக எழுதப்படும் எழுத்து ஒரு தனித் தொழில். அதற்கு நுட்பம் உண்டு, பயிற்சி உண்டு. வெளிநாட்டில் அதை எம்.ஏ. பட்டமாகவே படிக்கிறார்கள். தமிழில் அந்தப் படிப்பு வேண்டும். அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் சேரிப் பிள்ளைகள் உட்கார வேண்டும். கவிதை எழுதுகிறவன் இப்படிப் பேசலாமா என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். கவிதை நம் கோபத்தைக் காப்பாற்றி வைக்கும். கோப்பு நகர வேறு எழுத்து வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியே பார்ப்பது வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரம், பாத்தி பாத்தியாகத் தண்ணீர். போட்டோ எடுக்க அழகான இடம். பாத்திக்குள் நிற்கிறவங்களுக்கு அது வேற. கோடை முழுக்கக் கண்ணைக் கூச வைக்கும் வெளுப்பில் உப்பு வார வேண்டும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தி முழுகிப்போகும்; வேலை இல்லை, கூலி இல்லை. இந்த நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் உப்புத் துறைக்குச் சொந்தம். உப்பு ஆணையரின் தலைமையகம் இருப்பது ஜெய்ப்பூரில். கால் நிற்பது மரக்காணத்தில், கோப்பு இருப்பது ராஜஸ்தானத்தில். குத்தகைக்காரரிடம் உரிமம் என்று ஒரு தாள். வியாபாரியிடம் ரசீது என்று ஒரு தாள். உப்பு வாருகிறவரிடம் என்ன தாள்? கங்காணி நோட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

உப்பு விளையாத மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று 2021ல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அதை வாங்க, 'இவர் உப்பளத் தொழிலாளி' என்று ஒரு தாள் சொல்ல வேண்டும். முப்பது வருசம் உப்புத் தண்ணியில் நின்று வெடித்துப்போன கால் சொன்னால் செல்லாது. 1982ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்து எத்தனையோ வாரியங்கள் வந்துவிட்டன. வாரியத்தில் பதிவதும் எழுத்து வேலைதான். யாரோ ஒருவர் எழுதித் தர வேண்டும், யாரோ ஒருவர் சான்று தர வேண்டும். எழுதித் தருகிற கைக்குக் காசு, சான்று தருகிற கைக்குக் கும்பிடு.

2004 டிசம்பர் 26 சுனாமியையும் நினைத்துப் பாருங்கள். கடலோரம் முழுக்கக் கணக்கெடுத்தார்கள். படகு போனதா, வலை போனதா, கட்டுமரம் போனதா என்று கேட்டார்கள். போனவர்களுக்குக் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். படகும் வலையும் சொந்தமாக இல்லாத, மீன் சுமந்தும் உப்பு வாரியும் வயலில் கூலிக்குப் போயும் பிழைத்த தலித் சனங்கள் பல இடங்களில் நிவாரணத்திலிருந்து விடுபட்டார்கள் என்று அப்போது போன உண்மையறியும் குழுக்கள் பதிவு செய்தன. விடுபட்டது எங்கே? அதிகாரியின் மனசில் இருந்த சாதி ஒரு காரணம். இன்னொரு காரணம் படிவம். இழந்த கூலியை எழுத அதில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இழப்பு அரசாங்கத்துக்கு இழப்பே இல்லை. படிவத்தை உருவாக்கினவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. கூலிக்காரர் என்று ஒருவர் கடற்கரையில் இருக்கிறார் என்பது அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நம்மில் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டம் இருந்திருக்கும்.

எழுத்து வேலை யார் கையில் இருந்தது என்ற கதை தமிழ்நாட்டுக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கர்ணம், கணக்குப்பிள்ளை. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். அடங்கலில் அவர் எழுதினால் பயிர் உண்டு, எழுதாவிட்டால் பயிர் இல்லை. அவர் புறம்போக்கு என்று எழுதினால் புறம்போக்கு. சேரிக்காரர் மூன்று தலைமுறை உழுத மண் அவர் பேனாவின் ஒரு இழுப்பில் இன்னொருவர் அனுபவத்துக்குப் போகும். அருவாளைவிட அந்த மைக்கூடு நம்மை அதிகம் வெட்டியிருக்கிறது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டோடு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பிறப்பால் வந்த பேனா பரீட்சையால் வருகிற பேனாவாக மாறிய நாள் அது. சாதி ஒழிப்பு வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் தர வேண்டும். ஆனால் பதவி மாறியதே தவிர எழுத்து மாறவில்லை. அதே அடங்கல், அதே சிட்டா, அதே 'அ' பதிவேடு, அதே புரியாத நடை. நாற்காலியில் நம்மாள் உட்கார்ந்தாலும் பழைய கர்ணத்தின் வாக்கியத்தைத்தான் எழுதுகிறார். வேறு வாக்கியம் அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இந்த எழுத்தின் பலத்தை நம் முன்னோர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 1891 டிசம்பர் 1 அன்று உதகையில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள் போட்டார்கள். சாதி இழிவைப் பற்றிப் பொதுவாகப் புலம்பிவிட்டு அவர்கள் கலையவில்லை. இழிவுப் பெயர் சொல்லித் திட்டுவதைச் சட்டப்படி குற்றமாக்கு, எங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வை, சிறை விதிகளில் எங்களைக் கீழ்த்தரமான வேலைக்கு ஒதுக்கும் விதியை எடு என்று இனம் பிரித்துக் கேட்டார்கள். சிறை விதிப் புத்தகத்தைப் படித்துப் பார்த்தவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும். இரட்டைமலை சீனிவாசன் 1893ல் ஐ.சி.எஸ். தேர்வு விசயத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பத்தோடு லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். பத்திரிகை நடத்தியவர்கள்தான் மனுவும் எழுதினார்கள். இரண்டும் வேறு வேறு எழுத்து என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, தரிசு நிலம் கேட்டால் மிராசுதாரர்கள் தடுக்கிறார்கள், கடனில் அடிமையாகக் கிடக்கிறார்கள் என்று விவரமாக எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் கேட்கும் நிலம் அந்த வழியாக வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கின் தொடக்கம் ஒரு அறிக்கை. அப்புறம் அந்த நிலம் போன வழியும் எழுத்துதான். பத்திரத்தில், பதிவேட்டில், நில உடைமைப் பதிவேட்டைச் சீர்படுத்துகிறோம் என்று வந்த திட்டத்தில் 'டி.சி.' என்ற இரண்டு எழுத்துக் குறிப்பு பல ஊர்களில் காணாமல் போனதை நில மீட்புக்கு அலைந்தவர்கள் அறிவார்கள். அந்த இரண்டு எழுத்தை மீட்கத்தான் 1994 அக்டோபரில் காரணை நிலத்துக்காக நின்ற ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

அம்பேத்கரை நாம் தலைவராக, அறிஞராகப் பார்க்கிறோம். தொழில்முறை எழுத்தாளராகவும் பார்க்க வேண்டும். 1919ல் சவுத்பரோ குழு முன், 1928ல் சைமன் குழு முன் அவர் கொடுத்த அறிக்கைகள், ரூபாய்ப் பிரச்சினை பற்றி 1923ல் வந்த நூல் எல்லாம் எண்ணும் ஆதாரமுமாக எழுதியவை. 1947ல் பட்டியல் சாதிகள் சம்மேளனத்துக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' இன்னும் ஒரு படி மேல். கோரிக்கையைக் கோரிக்கையாக எழுதாமல், அரசியல் சட்டத்தின் பிரிவுகள், உட்பிரிவுகள் என்ற வடிவத்திலேயே எழுதிக் கொடுத்தார். 'இதை எடுத்து அப்படியே சட்டத்தில் போடு' என்று சொல்வது போல. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய கடைசி உரையில் வரைவு வேலை பார்த்த எஸ்.என். முகர்ஜியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மிகச் சிக்கலான யோசனையையும் எளிய, தெளிவான சட்ட வடிவில் வைக்கும் திறமை அபூர்வம் என்பது அவர் கருத்து. வரைவு எழுதுவது குமாஸ்தா வேலை என்று அம்பேத்கர் நினைக்கவில்லை. நாம் ஏன் நினைக்க வேண்டும்?

இப்போது காவல் நிலையத்துக்குப் போவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது, 2015ல் திருத்தினார்கள், 2016 ஜனவரியில் திருத்தம் அமலுக்கு வந்தது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் இழிவுபடுத்துவதும் பிரிவு 3(1)ல் வருகிறது. ஆனால் அது 'பொதுப் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வேறு யாரும் இல்லாதபோது நடந்தது இதில் வராது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நமக்குச் சண்டை இருக்கிறது, போடுவோம். அது இருக்கிற வரைக்கும் நம் புகார் எப்படி இருக்க வேண்டும்?

உப்பளத்தில் ஒரு பெண்ணைத் திட்டி அடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான புகார் இப்படி இருக்கும்: 'எதிரி என்னைச் சாதிப் பெயரைச் சொல்லி ஆபாசமாகத் திட்டிக் கையால் அடித்தார். தக்க நடவடிக்கை எடுக்கவும்.' இரண்டு வரி. இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் வழக்கு நிற்காது. நிற்கிற புகார் இப்படிக் கேட்டு எழுதப்பட்டிருக்கும்: எந்தத் தேதி, காலை எத்தனை மணி? எந்தப் பாத்தி வரப்பு, எந்த அம்பாரத்துக்குப் பக்கம்? அந்த இடம் ரோட்டிலிருந்து தெரியுமா? பக்கத்தில் வேலை செய்தவர்கள் யார் யார்? அவன் வாயிலிருந்து வந்த சொல் எது? அந்தச் சொல்லைக் கூச்சப்பட்டு விடாமல் அப்படியே எழுது. நீ என்ன சாதி என்று அவனுக்கு முன்பே தெரியுமா, எப்படித் தெரியும்? அவன் என்ன சாதி? எந்தக் கையால், எந்த இடத்தில் அடித்தான்? எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாய்? இத்தனை கேள்விக்கும் அந்தப் பெண்ணிடம் பதில் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்தான் இல்லை.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. திருத்திய பிரிவு 4ன்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை போலீஸ் அதிகாரி எழுதினால், கையெழுத்து வாங்குவதற்கு முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும். நகல் உடனே தர வேண்டும். தெரிந்தே செய்யாவிட்டால் அது குற்றம். எழுதியதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது எவ்வளவு பெரிய களவு என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மின்னணு வழியாகவும் தகவல் தரலாம். 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மூன்று நாள் கணக்கு எத்தனை காலனிகளில் தெரியும்?

2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரம் சித்திரை விழாவுக்குப் போன கூட்டத்தை ஒட்டி மரக்காணத்தில் கலவரம் நடந்தது, தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. குடிசை எரிந்தால் பானை சட்டியோடு பட்டாவும் ரேசன் கார்டும் பிள்ளையின் மார்க் சீட்டும் எரியும். வீடு எரிக்கப்பட்டாலோ அழிக்கப்பட்டாலோ அரசு செலவில் செங்கல் அல்லது கல் கட்டுமான வீடு கட்டித்தர வேண்டும் என்று 1995 விதிகளின் நிவாரணப் பட்டியல் சொல்கிறது. அதே வீட்டைப் பற்றி 'சேதமடைந்தது' என்று எழுதினால் ஒரு விளைவு. 'முழுவதும் எரிந்தது' என்று எழுதினால் வேறு விளைவு. கூரை வீட்டுக்கும் கல் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வினைச்சொல். அந்தச் சொல்லை நம்மவர் எழுத வேண்டாமா?

அடுத்தது என் பிழைப்பு நடக்கும் இடம், வங்கி. தாட்கோ 1974லிருந்து இருக்கிறது. 2016 ஏப்ரலில் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது. ஒவ்வொரு கிளையும் எஸ்.சி. அல்லது எஸ்.டி. ஒருவருக்கும் பெண் ஒருவருக்குமாவது 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றார்கள். 2023ல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. 35 சதவீத மூலதன மானியம். எல்லாவற்றுக்கும் வாசற்படி ஒன்றுதான்: திட்ட அறிக்கை. அதை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். பேரும் ஊரும் மட்டும் மாறியிருக்கும். மேசையில் பத்து அறிக்கை வந்தால் ஆறில் அதே எண்கள். மேலாளர் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்.

மரக்காணத்துப் பையன் ஒருவன் உப்பு அரைத்து, அயோடின் கலந்து, பாக்கெட் போட்டு விற்க நினைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் அறிக்கை பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி உற்பத்தி என்று காட்டும். அந்த ஊரில் பிறந்தவனுக்கு அது பொய் என்று தெரியும். அய்ப்பசி கார்த்திகையில் உப்பே கிடையாது. கோடையில் விலை இறங்கும்போது வாங்கிக் கிடங்கில் சேர்க்க வேண்டும். அதற்கு நடைமுறை மூலதனம் கூடுதலாக வேண்டும். மழை மாதங்களில் தவணை குறைவாகவோ தள்ளியோ இருக்க வேண்டும். இதை நான்கு பக்கத்தில் எழுதினால் அதுதான் நல்ல திட்ட அறிக்கை. அறிவு அவனிடம் இருக்கிறது. அறிவைத் தாளில் இறக்கும் தொழில் கற்றுத்தரப்படவில்லை. கடை அறிக்கையை நம்பிக் கடன் வாங்கினால் முதல் மழையிலேயே தவணை நிற்கும். அப்புறம், 'இவங்களுக்குக் கடன் குடுத்தா இப்பிடித்தான் சார்' என்ற பேச்சு தானாக வரும்.

கடன் ஒப்பந்தத்தில் கடைசியாக ஒரு உறுதிமொழி இருக்கும். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர், கைநாட்டு வைக்கிறவர், 'இதில் உள்ளவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, விளக்கப்பட்டு, புரிந்துகொண்டேன்' என்று சொல்வதாக. முன்னால் இருக்கும் பக்கங்கள் எல்லாம் பொடி எழுத்து இங்கிலீஷ். 'எங்கப்பா கையெழுத்து வெக்கணும்' என்று கேட்கிற ஆயாவுக்கு மற்ற எதையும் கேட்கத் தோன்றாது. பின்னால் வரிசை நிற்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை போட்டது. அந்த வருசம் அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். மொத்த வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, தவணை எத்தனை என்பது அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. 'புரியும் மொழி' எது என்று தீர்மானித்து எழுதப் படித்த ஆள் எங்கே? தமிழ் எழுத்தில் இருப்பதால் மட்டும் ஒரு தாள் தமிழ் ஆகிவிடாது.

ஆட்சித் தமிழின் கதையும் இதுதான். 1956ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 'பொருள், பார்வை, மேற்காண் பொருள் தொடர்பாக, பார்வையில் கண்ட கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது.' இங்கிலீஷ் கோப்பின் எலும்பின் மேல் தமிழ்ச் சதை. 'ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன' என்று எழுதுவார்கள். அகற்றியது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. எங்கள் குடிசையை இடித்த கையை வினைச்சொல் ஒளித்து வைத்துக்கொள்கிறது.

மற்ற நாடுகளில் இதைப் படிப்பாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் குவிந்த இயந்திரங்களுக்குக் கையேடு எழுத ஆள் வேண்டியிருந்தது. 1953லேயே அமெரிக்காவில் ரென்சீலர் தொழில்நுட்பக் கல்லூரி இந்த எழுத்துக்கு முதுகலைப் படிப்பு தொடங்கியது. பிறகு கார்னகி மெலன் போன்ற பல்கலைக்கழகங்கள் வந்தன. கம்பெனிக்காகத் தொடங்கியது சனங்களுக்கும் பயன்பட்டது. 1975ல் நியூயார்க்கில் சிட்டி வங்கி தன் கடன் பத்திரத்தைச் சாதாரண மனிதருக்குப் புரியும் பேச்சில் திருத்தி எழுதி வெளியிட்டது. இரண்டு வருசத்தில் அந்த மாநிலமே அதைச் சட்டமாக்கியது. இங்கிலாந்தில் கிறிஸ்ஸி மாஹர் என்ற பெண், லிவர்பூல் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து பதின்வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதிருந்தவர், 1979ல் பாராளுமன்றச் சதுக்கத்தில் அரசுப் படிவங்களைக் கட்டுக் கட்டாகக் கிழித்துப் போட்டு எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தைத் தொடங்கினார். மகாத் நெருப்பை அறிந்த நமக்கு அந்தக் கிழிப்பு அந்நியமாகத் தெரியாது. 2010ல் அமெரிக்காவில் அரசு அலுவலகங்கள் தெளிவாக எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது.

இந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள்? படிக்கப்போகிறவர் யார், அவர் கையில் இந்தத் தாள் எந்த நேரத்தில் வரும் என்று முதலில் யோசிக்க. தெரிந்தவரிடம் உட்கார்ந்து சரியான கேள்வி கேட்க. எது முதலில், எது கடைசியில் என்று அடுக்க. எழுதிய படிவத்தைப் பத்துப் பேரிடம் கொடுத்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்த. இந்தக் கடைசி வேலை ஒன்றை மட்டும் நம் அலுவலகங்கள் செய்தாலே பாதி வரிசை குறைந்துவிடும்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். 'இது மெக்காலே குமாஸ்தாக் கல்வி' என்பார்கள். குமாஸ்தா எழுதச் சொன்னதை எழுதுகிறவர். நான் கேட்பது எதை எழுத வேண்டும் என்று முடிவு செய்கிற ஆளை. 'இலக்கியத்தைத் தள்ளிவிடுவதா' என்பார்கள். ஒன்றையும் தள்ள வேண்டாம். தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் இருக்கும் வகுப்பறைக்குப் பக்கத்தில் இன்னொரு வகுப்பறை. 'தமிழில் நுட்பம் எழுத முடியுமா' என்பார்கள். 2010லேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியது. 1981லிருந்து தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முடியுமா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி.

புதிதாக ஒரு மறுப்பு: 'இனிமே கம்ப்யூட்டரே எழுதிடும்.' எழுதும். நாலு வரி சொன்னால் நாலு பக்கம் எழுதித் தருகிறது, தமிழிலும். ஆனால் எந்த வரப்பில் அடித்தான், ரோட்டிலிருந்து தெரியுமா, ஐப்பசியில் உப்பு இருக்குமா என்று அதற்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அது எழுதியதில் பொய் எது, விட்டது எது என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும். ஜெராக்ஸ் கடை அறிக்கையை வேகமாக அடித்துத் தரும் யந்திரம் நமக்கு விடுதலை ஆகாது. தொழில் தெரிந்தவர் கையில் அது கருவி. தெரியாதவர் கையில் அதுவும் ஒரு கர்ணம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

1. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், தமிழ்வழியில், தொழில்முறை எழுத்துக்கு இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு. மாலை நேர வகுப்பும் வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் படிக்க.

2. பாடத்தில் சட்ட வரைவு, நிலப் பதிவேடு, வங்கி ஆவணம், மருத்துவ, இயந்திரக் கையேடு, படிவ அமைப்பு. கூடவே அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கர் எழுதிய தீர்மானங்களும் மனுக்களும் பாடமாக.

3. களப்பயிற்சி காவல் நிலையத்திலும் தாலுகா ஆபீசிலும் வங்கியிலும் உப்பளத்திலும்.

4. 1982லிருந்து ஆவண எழுத்தருக்கு உரிம விதி வைத்திருக்கும் அரசு, தன் அலுவலகங்களில் படிவம் எழுதவும் திருத்தவும் இந்தப் பட்டதாரிகளுக்குப் பணியிடம் உருவாக்க வேண்டும். இடஒதுக்கீட்டோடு.

5. மக்களுக்குத் தரும் எந்தப் படிவமும் மக்களிடம் கொடுத்துப் பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

படிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாணவத் தோழர்கள் காலனிக்கு ஒரு எழுத்து மேசை போடலாம். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் போதும். சொல்கிறவரைச் சொல்ல விடுங்கள். கேளுங்கள், எழுதுங்கள், சத்தம் போட்டுப் படித்துக் காட்டுங்கள், அவர் 'ஆமா, இதான்' என்ற பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகல் அவர் கையில், ஒரு நகல் உங்கள் கட்டில். 2005ன் தகவல் உரிமைச் சட்டப்படி முப்பது நாள் கழித்துப் பதில் கேளுங்கள். 'தாழ்மையுடன்' என்ற சொல்லை மட்டும் அந்த மேசைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் தாளில் கூடுதலாக ஒரு வரி இடம் கிடைக்கும். அந்த வரியில் சட்டப் பிரிவை எழுதுங்கள்.